காவல் விளக்கு: பழுதுநீக்கிய ஆம்ப்ளிபயரைச் சோதிக்கும் முறை

தொடர் மின்சுற்றின் இயல்பு யாது என்று நம் தொடக்கப்பள்ளி மாணவரைக் கேட்டால், “ஒரு விளக்கு அணைந்தால் மற்றவையும் அணையும், விளக்குகள் மங்கலாக எரியும்” என்று தயங்காது விடை கூறுவர். விடை சரியானதே. ஆயினும், தொடர் இணைப்பு என்பது குறையுள்ள ஓர் இணைப்பு என்னும் எண்ணத்தையும் அவ்விடை மாணவர் உள்ளத்தில் பதித்துவிடுகிறது. “வீட்டில் பயன்படாத இணைப்பை நாம் ஏன் படிக்கிறோம்?” என்று ஒரு மாணவன் வினவினால், தேர்வில் கேட்பார்கள் என்பதற்குமேல் சொல்ல நம்மில் பலருக்கு ஒன்றும் இராது. எனக்கும் நெடுங்காலம் இராதிருந்தது. அக்குறையே ஓரிடத்தில் பெரிய குணமாக நின்று, பொருளையும் பணத்தையும் காப்பதை என் முன்னாள் மாணவர் ஒருவர் எனக்குக் காட்டினார். அதனை ஆசிரிய அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்ந்தது

எங்கள் தோட்டப்பள்ளி சுங்கை பெசார் வட்டாரத்தில் உள்ளது. ஒருபுறம் நெல்வயல், மறுபுறம் செம்பனை; கடலும் தொலைவில் இல்லை. இங்குள்ள பள்ளிகளிலும் கோவில்களிலும் ஒலிபெருக்கி இன்றி எந்நிகழ்ச்சியும் நடவாது. காலைச் சபைகூடல், விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு, மாரியம்மன் திருவிழா ஆகிய அனைத்துக்கும் எங்களிடம் இருந்தது ஒரே ஆம்ப்ளிபயர். தோட்டத்து மக்கள் ஆளுக்குச் சில வெள்ளி போட்டு வாங்கியது அது. ஆதலின் அது பழுதானால் பள்ளிப்பொருள் பழுதாயிற்று என்பதோடு முடியாது. பலருடைய உழைப்பின் பயன் வீணாயிற்று என்பதாகும்.

இத்தகைய கருவிகளுக்கு எங்கள் பக்கத்தில் பகைகள் பல. கடற்காற்றின் ஈரமும் உப்பும் உள்ளிருக்கும் இணைப்புகளை அரிக்கும். பல்லியும் கரப்பானும் உள்ளே புகுந்து மின்னிணைப்புகளின் குறுக்கே கிடந்து மடியும். இடிமழை மிகுந்த இம்மேற்குக் கரையில் மின்கம்பி வழியே வரும் அதிர்வும் கருவியைத் தாக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில் எங்கள் ஆம்ப்ளிபயர் ஓய்ந்தது. பழுதுபார்க்கும் கடையொன்றில் கொடுத்தோம். வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் நான்கும் எரிந்துபோயின என்று கூறி அவற்றை மாற்றித் தந்தனர். பள்ளிக்குக் கொணர்ந்து மின்சாரம் கொடுத்தோம். ஒரு முனகல், ஒரு தீய்ந்த வாடை, பிறகு அமைதி. புதிய டிரான்சிஸ்டர்கள் நான்கும் மீண்டும் எரிந்தன. கடைக்காரர் வேண்டுமென்றே செய்த பிழையன்று அது. எரிந்த பொருளை மாற்றினாரேயன்றி, எரித்த காரணம் உள்ளேயே இருந்தது.

அதன்பின் எங்கள் பள்ளியில் படித்து, இப்பொழுது தொழிற்சாலையொன்றில் மின்பணியாளராக இருக்கும் அம்முன்னாள் மாணவர் வந்தார். அவர் கையில் ஒரு மரப்பலகை. பலகைமேல் ஒரு பல்பு, ஒரு சுவிட்ச், ஒரு பிளக்கு செருகும் துளை. புதிய டிரான்சிஸ்டர்களைப் பொருத்திய பின், ஆம்ப்ளிபயரை நேரே சுவரில் செருகாமல் அப்பலகையில் செருகினார். சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென எரிந்து, அவ்வொளி குறையாமல் நின்றது. உடனே அணைத்துவிட்டார். “சார், உள்ளே இன்னும் கோளாறு இருக்கிறது. ஆனால் டிரான்சிஸ்டர் போகவில்லை” என்றார்.

அரைமணி நேரத் தேடலுக்குப்பின் காரணம் கிட்டியது. வெளியீட்டு டிரான்சிஸ்டர்களின் ஓய்வுநிலை மின்னோட்டத்தை அளவாக வைத்திருக்கும் சிறு டையோடு ஒன்றின் கால், ஈயப்பற்று விட்டுத் தனித்து நின்றது. அது விட்டால் டிரான்சிஸ்டர்கள் கட்டிழந்து முழுமையாகத் திறந்துகொள்ளும். மின்னோட்டம் வெள்ளம்போற் பாயும். ஒரு துளி ஈயம் வைத்ததும், பல்பு ஒருமுறை மின்னி மங்கிற்று. அவ்வாண்டு விளையாட்டுப் போட்டியில் ஒலிபெருக்கி ஒலித்தது.

பல்பு செய்யும் வேலை

அப்பல்பு என்ன செய்தது என்பதை இனிக் காண்போம். இதற்கு ஓமின் விதியொன்றே போதும். ஜார்ஜ் சைமன் ஓம் நம்மைப்போல் ஒரு பள்ளி ஆசிரியர். ஜெர்மனியில் கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்துக்கொண்டே ஆராய்ந்து, 1827-ல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். தாய்நாட்டில் அந்நூலுக்கு முதலில் வரவேற்பில்லை. இலண்டன் ராயல் கழகம் 1841-ல் கோப்ளி பதக்கம் அளித்த பின்னரே அவர் பெருமை பரவிற்று. மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும் என்பதே அவர் கண்ட விதியின் சாரம்.

மலேசியாவில் முன்னர் 240 வோல்ட் என்றிருந்த வீட்டு மின்னழுத்தம் 2008 முதல் 230 வோல்ட் என வரையறுக்கப்பட்டது. பழைய பல்புகளின்மேல் 240 என்றே அச்சிட்டிருப்பதால், கணக்கிற்கு அதையே கொள்வோம். 240 வோல்ட், 100 வாட் பல்பு முழுதாக எரியும்போது அதன்வழி ஓடுவது ஏறக்குறைய 0.42 ஆம்பியர்; அதன் மின்தடை 576 ஓம்.

பழுதான ஒரு கருவியின் மின்தடை 8 ஓமாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதனை நேரே மின்சாரத்தில் இணைத்தால் 240-ஐ 8-ஆல் வகுக்க, 30 ஆம்பியர் வருகிறது. அப்பொழுது கருவிக்குள் வெப்பமாக மாறும் திறன் 7,200 வாட். இது பல மின்னடுப்புகளுக்கு ஒப்பான வெப்பம். இதே கருவியோடு 100 வாட் பல்பைத் தொடராக இணைத்தால் மொத்தத் தடை 584 ஓம்; மின்னோட்டம் 0.41 ஆம்பியர், கருவிக்குள் வெப்பமாவது 1.4 வாட்டுக்கும் குறைவு. எஞ்சிய ஆற்றல் முழுவதையும் பல்பு தன்மேல் ஏற்று ஒளியாகவும் வெப்பமாகவும் வெளியே விட்டுவிடுகிறது. 7,200 எங்கே, 1.4 எங்கே! கருவியில் கோளாறு எத்துணைப் பெரிதாயினும், இழை சூடேறியபின் பல்பு விடுகின்ற 0.42 ஆம்பியருக்குமேல் உள்ளே செல்லாது.

“ஆம்ப்ளிபயரில் பியூஸ் இருக்கிறதே; அது காவாதோ?” என்று கேட்கலாம். பியூஸ் கம்பி சூடேறி உருகுவதற்குச் சிறிது காலம் வேண்டும். டிரான்சிஸ்டரின் உயிர்நிலையோ சில மில்லிமீட்டர் அளவே உள்ள சிலிக்கன் துண்டு. மிகை மின்னோட்டத்தில் அது கண்ணிமைக்கும் நேரத்திற்கும் முன்னே அழிந்துவிடும். பியூஸ் வீட்டையும் கம்பியையும் தீயிலிருந்து காப்பதற்கு உரியது. டிரான்சிஸ்டரைக் காப்பது அதன் தொழிலன்று.

இழையின் இயல்பு

அங்ஙனமாயின், பல்புக்குப் பதிலாக 576 ஓம் தடையொன்றையே இணைத்துவிடலாமே எனின், அது பொருந்தாது. அத்தடை கெட்ட கருவியைத் தடுப்பதுபோலவே நல்ல கருவியையும் தடுத்துவிடும். போதிய மின்னழுத்தம் கிடைக்காமல் ஆம்ப்ளிபயர் செவ்வனே இயங்காது. பல்பின் சிறப்பு அதன் தடை நிலையாக இல்லாமையே.

பல்பினுள் இருப்பது டங்ஸ்டன் இழை. அது குளிர்ந்திருக்கையில் தடை மிகக் குறைவு. வெண்சூடு ஏறுகையில் தடை பத்து மடங்குக்குமேல் உயர்ந்துவிடும். 576 ஓம் உடைய நம் 100 வாட் பல்பு, குளிர்ந்த நிலையில் ஏறக்குறைய 40 ஓமே காட்டும். மாணவரிடம் ஓம்மீட்டரைக் கொடுத்து, கழற்றி வைத்த பல்பை அளக்கச் செய்தால் இதனை அவர்களே காண்பர். கணக்கில் வந்த விடையும் கருவி காட்டும் விடையும் மாறுபடுவது கண்டு அவர்கள் திகைப்பர். அத்திகைப்பு நல்ல பாடத்தின் தொடக்கமாகும்.

நல்ல நிலையிலுள்ள ஆம்ப்ளிபயர், ஒலி எழுப்பாது ஓய்ந்திருக்கையில், 20 வாட் அளவே ஏற்பது என்று கொள்வோம். அப்பொழுது ஓடுவது 0.1 ஆம்பியருக்கும் குறைவு. இழை சிறிதே சூடாகிறது. தடை தாழ்ந்தே நிற்கிறது. பல்பில் இழக்கப்படுவது ஏறக்குறைய 10 முதல் 15 வோல்ட். எஞ்சிய மின்னழுத்தம் முழுதும் கருவிக்குச் சென்று சேர்கிறது. கருவி கெட்டிருப்பின் மின்னோட்டம் பெருகுகிறது, இழை வெண்சூடாகிறது, தடை தானே உயர்ந்து வழியை அடைக்கிறது. நல்லவனுக்கு வழிவிட்டு, தீயவனைத் தடுத்து நிறுத்தும் வாயிற்காவலன் போன்றது இப்பல்பு. அதனோடு, தான் தடுத்த செய்தியை ஒளியால் நமக்கு அறிவிக்கவும் செய்கிறது.

எடிசன் 1879-ல் எரித்துக் காட்டிய பல்பில் கரியிழை இருந்தது. கரியின் இயல்பு இதற்கு நேர்மாறு. சூடேற ஏற அதன் தடை குறையும். ஆதலின் கரியிழை விளக்கு இக்காவலுக்கு ஏற்றதன்று. கூலிட்ஜ் என்பவர் 1910-ல் டங்ஸ்டனை மெல்லிய கம்பியாக இழுக்கும் முறையைக் கண்டபின் பரவிய பல்பே இதற்குரியது. இக்காலத்து எல்.இ.டி. விளக்கும், குழல் விளக்கும் இதற்குச் சிறிதும் உதவா. அவை இழை வெண்சூடேறி ஒளிர்பவை அல்ல. குண்டு பல்பு கடைகளில் அருகிவிட்டமையால், வீட்டில் பழையது இருந்தால் எறிந்துவிடாமல் எடுத்து வைத்தல் நன்று. இழையுள்ள ஹாலஜன் பல்பும் பயன்படும்.

விளக்கு சொல்லும் செய்தி

சுவிட்சைப் போட்டவுடன் பல்பு காட்டும் குறிகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, பல்பு ஒருமுறை மின்னி, ஓரிரு நொடியில் மங்கி, இழை அரிதின் சிவந்து நிற்பது அல்லது அணைந்தாற்போல் தோன்றுவது. இது நற்குறி. முதலில் மின்னியது மின்மாற்றி காந்தமேறுவதாலும், உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கிகள் நிரம்புவதாலும் ஆம்.

இரண்டாவது, பளிச்சென எரிந்து அப்படியே நிற்பது. உள்ளே குறுக்கிணைப்பு உண்டு என்பது பொருள். எரிந்த டிரான்சிஸ்டர், கெட்ட மின்திருத்தி டையோடு, மின்மாற்றிச் சுருள், அல்லது எங்கள் ஆம்ப்ளிபயரில் கண்டதுபோல் ஓய்வுநிலை மின்னோட்டம் கட்டிழந்தமை காரணமாகலாம். உடனே அணைத்தல் வேண்டும்.

மூன்றாவது, நடுத்தர ஒளியோடு நிற்பது, அல்லது மங்கிய பின் மெல்ல மெல்ல ஒளி ஏறுவது. கருவி தேவைக்குமேல் மின்சாரம் ஏற்கிறது. எங்கோ சூடு ஏறிக்கொண்டிருக்கிறது. இதுவே பலரை ஏமாற்றும் குறி. பாட்டு நன்றாகத்தான் கேட்கிறதே என்று திருப்பித் தந்துவிடுவர். திருவிழாவின் நடுவில் அது ஓயும்.

நான்காவது, பல்பு மின்னவே இல்லை. மின்சாரம் உள்ளே செல்லவில்லை. பியூஸ், சுவிட்ச், கம்பி இவற்றைப் பார்க்க வேண்டும்.

செய்முறை

பலகை அமைப்பது எளிது. லைவ் கம்பி சுவிட்ச் வழியாகவும் பியூஸ் வழியாகவும் பல்புக் கூட்டின் ஒரு முனைக்கு வரும். மறுமுனையிலிருந்து பிளக்குத் துளைக்குச் செல்லும். நியூட்ரல் கம்பி நேரே செல்லும். எர்த் கம்பியை எக்காரணத்தாலும் துண்டித்தல் கூடாது. தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இதனைச் செய்வித்தல் வேண்டும்.

சிறிய ஆம்ப்ளிபயருக்கு 40 அல்லது 60 வாட் பல்பு போதும். 100 வாட்டும் அதற்கு மேற்பட்டதுமான கோவில் ஆம்ப்ளிபயருக்கு 100 வாட் பல்பு வேண்டும். வளைய வடிவ மின்மாற்றி உள்ள பெரிய கருவிக்கு 150 அல்லது 200 வாட். பல்பு மிகச் சிறிதானால் நல்ல கருவியும் கெட்டதுபோல் தோன்றும்; மிகப் பெரிதானால் காவல் தளரும்.

சோதிக்கும்போது ஸ்பீக்கரை இணைக்காமலும், ஒலியளவைக் கீழே இறக்கியும் தொடங்க வேண்டும். பல்பு மங்கியபின், ஸ்பீக்கர் முனைகளில் நேர்மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். மின்மாற்றி இல்லாத வெளியீடாயின் அது ஏறக்குறைய சுழியமாக, சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருத்தல் வேண்டும். பல வோல்ட் இருப்பின் ஸ்பீக்கரின் சுருள் எரிந்துபோகும். அது சரியானபின் ஸ்பீக்கரை இணைத்து மெல்லிய ஒலியில் கேட்கலாம். ஒலியை உயர்த்தினால் பல்பும் பாட்டோடு சேர்ந்து ஒளிரும், அது கோளாறன்று. ஆயினும் காவல் விளக்கோடு முழு ஒலியைச் சோதித்தல் பயன்தராது. எல்லாம் நன்றெனக் கண்டபின், உரிய அளவுள்ள பியூஸ் இட்டு, விளக்கை நீக்கி, நேரே இணைக்கலாம்.

எச்சரிக்கை

இவ்விளக்கு காப்பது கருவியை, மனிதனையன்று. இதனை ஆசிரியர்கள் நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். பல்பு மங்கியிருக்கும்போதும் கருவியினுள் முழு மின்னழுத்தம் உண்டு. மனித உயிரைப் போக்க 0.1 ஆம்பியரே போதும். பல்பு விடுவதோ 0.42. மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் பள்ளியில் செவ்வனே இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அணைத்த பின்னும் மின்தேக்கிகள் மின்னூட்டத்தை வைத்திருக்கும். பழைய வால்வு ஆம்ப்ளிபயர்களில் அது பல நூறு வோல்ட்டாக நிற்கும்.

இன்னொன்று: அண்மைக்காலத்து இலேசான ஆம்ப்ளிபயர்கள் சிலவற்றில் பெரிய மின்மாற்றி இல்லை, மின்னணு முறையில் மாற்றும் மின்வழங்கியே உண்டு. அவை மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொள்ளும் இயல்பின. அவற்றை இவ்விளக்கோடு இணைத்தால் விட்டுவிட்டு இயங்கும். விளக்கின் குறியை நம்புதல் இயலாது.

வகுப்பறையில்

மாணவருக்கு இதனை வீட்டு மின்சாரத்தில் காட்டுதல் கூடாது. இரண்டு 1.5 வோல்ட் மின்கலங்களும், இழையுள்ள இரண்டு சிறு கைவிளக்கு பல்புகளும் போதும். இரண்டையும் தொடராக இணைத்தால் இரண்டும் மங்கி எரியும். ஒன்றைக் காவல் விளக்கு என்றும், மற்றதை ஆம்ப்ளிபயர் என்றும் சொல்லுக. இப்பொழுது ‘ஆம்ப்ளிபயரின்’ இரு முனைகளையும் ஒரு கம்பியால் ஒருகணம் இணைத்தால், அது அணையும். காவல் விளக்கு பளிச்சென எரியும். “ஆம்ப்ளிபயருக்கு என்ன நேர்ந்தது? விளக்கு ஏன் ஒளி கூடிற்று? விளக்கு இல்லாதிருந்தால் என்ன ஆகும்?” என்று கேட்டால், நாம் கூறவேண்டியதை மாணவரே கூறிவிடுவர்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டு மின்பணியாளர் இதனைச் ‘சீரீஸ் லாம்ப்’ என்றும், பலகையோடு கூடியதைச் ‘சீரீஸ் போர்டு’ என்றும் வழங்குவர். மின்னோட்ட வரம்பி என்று சொல்லுக்குச் சொல் ஆக்கலாமாயினும், அது மாணவன் மனத்தில் ஒட்டாது. எங்கள் பள்ளியில் காவல் விளக்கு என்றே சொல்கிறோம். தடை என்னும் நம் சொல்லுக்கும் இங்கே முழுப்பொருள் விளங்குகிறது. உரையாசிரியர் தடையெழுப்பி விடை காண்பதுபோல, இவ்விளக்கும் தடுத்து நின்றே கோளாற்றின் விடையைக் காட்டுகிறது.

அன்று வேலை முடிந்தபின், “தம்பி, இதை எங்கே கற்றாய்?” என்று அவரைக் கேட்டேன். “தொழிற்பயிற்சியில்தான் சார். ஆனால் தொடர் சுற்று நீங்கள் சொல்லிக்கொடுத்தது” என்றார். அவர் மரியாதைக்காகச் சொன்னார். நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது, ஒரு விளக்கு அணைந்தால் மற்றதும் அணையும் என்னும் பாதியைத்தான். மறுபாதியை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்பலகை இப்பொழுது எங்கள் அறிவியல் அறையில் இருக்கிறது. தொடர் சுற்றுப் பாடம் வரும் நாளில், அதனை மின்சாரத்தில் இணைக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குகிறேன்.